மிளகாய்ப் பொடி போடாத மீன்

சுஜிதா: ...பையப் பேசுங்க மாமா. அத்தை முழிச்சுத்தான் இருக்காவ.

ஞானதுரை: பையத்தான பேசுதேன். பஸ்ஸுல டிக்கெட் டிக்கெட்னு கத்துன தொண்டை, இதுக்குக் கீழ எறங்காது.

சுஜிதா: டிவி?

ஞானதுரை: போடல. சீரியல் நேரமாச்சே, ரிமோட்ட எங்க ஒளிக்கதுன்னு மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டு வாரேன், அவ பாட்டுக்கு இன்னைக்கு டிவி வேண்டாம், கண்ணு உறுத்துதுன்னுட்டா.

சுஜிதா: ஆண்டவர்தான் அப்படிச் சொல்ல வச்சிருக்காரு.

ஞானதுரை: ஓம் போனுக்கு ஜோஷ்வாட்ட இருந்து ஏதும் வந்துச்சா?

சுஜிதா: இல்ல. காலைல இருந்து அனுப்புன மெசேஜ் அத்தனையும் ஒத்த டிக்கோட நிக்கு. போன் போட்டா ஜப்பான் பாஷையில ஒரு பொம்பள என்னமோ சொல்லுதா. பொறவு கட்டாயிருது.

ஞானதுரை: டவரு விழுந்திருக்கும். ஊரையே அந்த ஆட்டு ஆட்டியிருக்கு, டவரு நிக்குமா. நெலநடுக்கம்தான், ஆனா பெரிய சேதம் ஒண்ணும் இல்லன்னு நியூஸ்ல போட்டிருக்கான்லா.

சுஜிதா: பெரிசா இல்லன்னா... சின்னதா யாருக்கு மாமா?

ஞானதுரை: மீன எடு. வெட்டுவோம்.

சுஜிதா: எனக்குக் கை ஓட மாட்டேங்கு.

ஞானதுரை: எனக்கு மட்டும் ஓடுதா. நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. ஏழு மாச வயித்த வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருக்காத. நான் வெட்டுதேன், நீ சொல்லிக்குடு.

சுஜிதா: நீங்க மீனு வெட்டி நான் பாத்ததே இல்ல.

ஞானதுரை: நானே பாத்ததில்ல.

சுஜிதா: இன்னைக்குன்னு பாத்து அத்தைக்கு இந்த மீனுதான் வேணுமா. புளிக்கொழம்பு வைக்கேன்னு சொல்லிப் பாத்தேன். அதெல்லாம் வேண்டாம், ஜோஷ்வா அங்கன திங்கானே, அந்த மாதிரி பண்ணித் தா, சட்டுனு ஆயிரும்னு சொன்னான்லான்னு ஒரே பிடியா நிக்காவ.

ஞானதுரை: தாய் மனசு. ஒண்ணும் தெரியாட்டியும் உள்ளுக்குள்ள என்னமோ அடிக்கும் போல. பாவம். நெஞ்சு அடைப்புக்குக் கம்பி வச்சு இன்னும் வருசம் திரும்பல. அதிர்ச்சியான சேதி எதையும் காதுல போடாதீகன்னு டாக்டரு எங்கிட்டதான் சொன்னாரு.

சுஜிதா: அதனாலதான் நானும் சிரிச்ச மொகமா இருக்கேன். கன்னம் வலிக்கு.

வடிவம்மாள்: ஏட்டி சுஜி, அங்கன ரெண்டு பேரும் என்ன குசுகுசுங்கீய? மீனு வாங்கி எம்புட்டு நேரமாச்சு, இன்னும் ஒரு வாசத்தக் காணும்.

சுஜிதா: இந்தா ஆச்சு அத்தை. மாமா வெட்டுதாவ.

வடிவம்மாள்: யாரு, உங்க மாமாவா? வெரலு பத்திரம்னு சொல்லு.

ஞானதுரை: பாத்தியா, எவ்வளவு சந்தோசமா இருக்கா. இந்தச் சந்தோசம் இன்னைக்கு ராத்திரி வரைக்காவது நிக்கணும். நாளைக்கு விடிஞ்சதும் பாஸ்டரக் கூட்டிட்டு வந்து, பக்கத்துல உக்கார வச்சு...

சுஜிதா: பாஸ்டர் எதுக்கு மாமா?

ஞானதுரை: சும்மா. ஒரு பேச்சுக்கு.

சுஜிதா: அப்படிப் பேசாதீக.

ஞானதுரை: சரி, பேசல. இந்த அயிலை மீன என்ன செய்யணும், அதச் சொல்லு.

சுஜிதா: போன வாரம் அவுக வாய்ஸ் மெசேஜ்ல எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தாக. அதத்தான் கேட்டுப் பண்ணணும்.

ஞானதுரை: போடு, கேப்போம்.

சுஜிதா: மதியத்துல இருந்து போடணும் போடணும்னு வெரலக் கொண்டு போறேன். பயமா இருக்கு.

ஞானதுரை: பிள்ள கொரலு. அதக் கேக்க என்ன பயம்?

சுஜிதா: அதான் கடைசிக் கொரலா இருந்துட்டா?

ஞானதுரை: ...குடு இங்கன. நான் அமுக்குதேன்.

போனில் ஜோஷ்வா: சுஜி, கேட்டுக்கோ. அயிலைய ரெண்டாப் பொளந்து உப்புத் தடவி கொஞ்ச நேரம் வச்சிரு. தண்ணி விடும். அதத் துணியால ஒத்தி எடுத்துரு, கவிச்சி அதோட போயிரும். கல்லு நல்லா காஞ்சதும் தோல் பக்கத்த மொதல்ல போடு. திருப்பித் திருப்பிப் போடக்கூடாது. அப்பாட்ட கரண்டியக் குடுக்காத, அவுக நோண்டிக்கிட்டே இருப்பாக. பொறவு சோயா சாஸு, இஞ்சிச் சாறு, கொஞ்சம் கருப்பட்டி. இங்கன வேற என்னமோ இனிப்பா ஊத்துதாங்க, நமக்குக் கருப்பட்டி போதும். மொளவாப் பொடி பக்கமே போகக்கூடாது. அம்மா சண்டைக்கு வருவா. விட்டுக் குடுக்காத.

ஞானதுரை: கேட்டியா. கரண்டியக் குடுக்காதயாம். ...எங்க அந்தத் துண்டு?

சுஜிதா: மாமா, மீனு தொட்ட கையால கண்ணத் தொடைக்காதீக. எரியும்.

ஞானதுரை: ஏற்கனவே எரியுதுதான்.

சுஜிதா: இந்தாங்க, தண்ணி. கழுவுங்க. உப்பு நான் தடவுதேன்.

ஞானதுரை: வெங்காயமாவது இருந்தா வெங்காயத்து மேல பழியப் போடலாம். இந்த ஜப்பான்காரன் சமையல்ல அதுக்குக் கூட வழி இல்ல.

சுஜிதா: வெள்ளரிக்கா இருக்கு. வினிகர், சீனி, எள்ளு போட்டுப் பிசையணும். நறுக்குதீகளா?

ஞானதுரை: குடு. சோறு?

சுஜிதா: பச்சரிசிய நல்லாக் குழைய விட்டிருக்கேன். அங்கன ஒண்ணோட ஒண்ணு ஒட்டுத மாதிரிதான் இருக்குமாம்.

ஞானதுரை: மீனு வாங்கப் போன இடத்துலயே இன்னைக்கு மாட்டிருப்பேன் தெரியுமா. நாசர் கடையில நல்ல கூட்டம். சீசன் பாத்தியா, குத்தாலத்துக்கு வந்தவன் பூரா வண்டிய நிப்பாட்டி மீனு கேக்கான். நான் ஓரமா நிக்கேன். நாசர் என்னப் பாத்ததும் கத்திய கீழ வச்சுட்டு, அண்ணாச்சி, உங்க பையன் ஜப்பான்லதான இருக்கான்னு எல்லாருக்கும் கேக்க மாதிரி ஆரம்பிச்சான். எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. நம்ம எதிர்வீட்டுப் பொம்பள வேற பொறத்தால நிக்கா. அவ காதுல விழுந்தா நான் வீடு வந்து சேருததுக்குள்ள வடிவுக்குத் தெரிஞ்சிரும். நாசரு, அயிலை ஒரு கிலோ, சட்டுனு குடுன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே தலைய ஆட்டிக் காட்டுனேன். அவனுக்குப் புரிஞ்சுட்டு. சவுதியில அண்ணன் இருக்கான்லா, இந்த மாதிரி நாளு எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்த பேசாம நல்ல மீனாப் பாத்துப் போட்டான். பையக் குடுக்கையில கையப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனான் பாரு... அங்கனயே ஒடஞ்சிருப்பேன்.

சுஜிதா: எனக்குச் சேதி தெரிஞ்சதே பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம்லதான். புவனேஷ் சார் பி.டி. வாத்தியார். ஒண்ணும் தெரியாம, டீச்சர் உங்க வீட்டுக்காரரு இந்த ஊருலதானன்னு போனக் காட்டுனாரு. ரோடு பொளந்து கெடக்குத படம். ஊரு பேரு கீழ போட்டிருக்கு. அவுக ஊரேதான். அப்பதான் உங்களுக்குப் போன் பண்ணுனேன்.

ஞானதுரை: நல்ல வேள, எனக்குப் பண்ணுன. வீட்டுக்குப் பண்ணியிருந்தா அவ எடுத்திருப்பா.

சுஜிதா: ஆட்டோவுல வரையில யானைப்பாலத்துல எறங்கிட்டேன். ஆத்த வேடிக்க பாக்குத மாதிரி நின்னு அழுது முடிச்சு, மொகத்தக் கழுவி, பொட்டிக்கடையில ஒரு சோடாவக் குடிச்சுட்டுதான் வீட்டுக்குள்ள வந்தேன். தலவலி, லீவு போட்டுட்டேன்னு சொன்னேன். அத்தை ஒண்ணுமே கேக்கல. படு மக்கான்னு தைலம் தேச்சு விட்டாவ. அவுக தேய்க்கத் தேய்க்க எனக்குக் குத்தமா இருந்துச்சு.

வடிவம்மாள்: இந்தாருங்க, மொளவாப் பொடி டப்பா மேல் தட்டுல இருக்கு. எடுத்தாச்சா?

ஞானதுரை: போடக்கூடாதாம் வடிவு.

வடிவம்மாள்: மொளவாப் பொடி இல்லாம மீனா? அது மீனா, மருந்தா? ஒரு சிட்டிகை போடுங்க, அவனுக்கு என்ன தெரியும்.

சுஜிதா: விட்டுக் குடுக்காதன்னு உங்க மவன் சொல்லியிருக்காவ அத்தை.

வடிவம்மாள்: ம்... அவன் சொன்னா சரி.

ஞானதுரை: கேட்டியா, வடிவு விட்டுக் குடுத்துட்டா. கல்யாணமான நாளுல இருந்து நான் பாக்காத அதிசயம்.

சுஜிதா: கல்லு காஞ்சுட்டு. தள்ளுங்க, எண்ண தெறிக்கும். தோல் பக்கம் மொதல்ல.

ஞானதுரை: நான் திருப்பவா?

சுஜிதா: கரண்டிய வைங்க.

ஞானதுரை: ஒரு ஓரம் லேசா...

சுஜிதா: மாமா.

ஞானதுரை: வச்சுட்டேன், வச்சுட்டேன். கருப்பட்டிய எம்புட்டுன்னு சொன்னான்? இன்னொரு தடவ போடு, கேப்போம்.

சுஜிதா: மேல தள்ளித் தேடணும். இன்னைக்கு நான் எம்புட்டு மெசேஜ் அனுப்பியிருக்கேன் பாருங்க. எங்க இருக்கீய, எங்க இருக்கீய, எங்க இருக்கீயன்னு... மாமா.

ஞானதுரை: என்ன?

சுஜிதா: மாமா, இங்க பாருங்க. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதா?

ஞானதுரை: கண்ணாடி போடலம்மா. என்ன, சொல்லு.

சுஜிதா: ரெண்டு டிக்.

ஞானதுரை: அப்படின்னா?

சுஜிதா: அவுக போனுக்குப் போய்ச் சேந்துட்டு. போன் உசுரோட இருக்கு மாமா.

ஞானதுரை: போனு இருந்தா... அவன் இருக்கான்னு அர்த்தமா? இல்ல வேற யாரும் போன எடுத்து...

சுஜிதா: இருங்க. நீலமாகுது. ஒண்ணொண்ணா நீலமாகுது. யாரோ படிக்காங்க.

ஞானதுரை: யாரோவா? யாருன்னு தெரியாதா அதுல?

சுஜிதா: வாய்ஸ் ரெக்கார்டிங்னு வருது. பேசுதாங்க மாமா. அங்கன யாரோ பேசிக்கிட்டு இருக்காங்க... வந்துட்டு.

ஞானதுரை: போடு. ஏ புள்ள, போடு சீக்கிரம்.

போனில் ஜோஷ்வா: சுஜி, நான் நல்லாருக்கேன். ஒரு கீறல் கெடையாது. என் போன் இப்பதான் கையில கெடச்சுச்சு, சார்ஜ் இல்ல, கரண்ட் வரல. விடிஞ்சதும் பேசுதேன். நீ சாப்புட்டுத் தூங்கு. வயித்துல இருக்கதுக்கும் சொல்லிரு.

சுஜிதா: மாமா, உக்காருங்க. கீழ உக்காராதீக, ஸ்டூல்ல உக்காருங்க.

ஞானதுரை: திருப்பிப் போடு.

சுஜிதா: போடுதேன்.

ஞானதுரை: ஒரு கீறல் கெடையாதுன்னு சொன்னான்லா? நான் சரியாத்தான கேட்டேன்?

சுஜிதா: சரியாத்தான் கேட்டீக. இன்னொரு தடவ கேளுங்க, காதுகிட்ட வச்சு.

ஞானதுரை: கர்த்தாவே... சுஜி, எனக்குச் சிரிப்பு வருது. எதுக்குன்னு தெரியல.

சுஜிதா: எனக்கும் வருது. வாயப் பொத்திக்கிடுங்க.

வடிவம்மாள்: என்னங்க அங்கன சிரிப்பு? ஜோஷ்வா சத்தம் மாதிரி கேட்டுச்சே?

சுஜிதா: பழைய வாய்ஸ் மெசேஜ் அத்தை. மீனு எப்படிப் பண்ணணும்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்.

வடிவம்மாள்: ஓ. ...தீயுத வாட வருது, அதையும் பாத்துக்கிடுங்க.

சுஜிதா: ஐயோ, மீனு.

ஞானதுரை: திருப்பு, திருப்பு.

சுஜிதா: தோலு கொஞ்சம் கருகிட்டு. பரவால்ல. உங்க மவனே சொல்லியிருக்காவ, லேசாக் கருகுனாத்தான் ருசியாம்.

ஞானதுரை: எப்பச் சொன்னான்?

சுஜிதா: சொல்லல. நான் சொல்லுதேன்.

ஞானதுரை: சோயா சாஸ ஊத்து. இஞ்சிச் சாறு இந்தா. கருப்பட்டி கொஞ்சம் கூடவே போடு, இன்னைக்குப் போடாம எப்பப் போட. ...பாரு, எப்படிப் பளபளன்னு வருது.

சுஜிதா: வாசமும் நல்லாருக்கு. எனக்கு இப்பத்தான் பசியே தெரியுது. காலைல தின்ன ரெண்டு இட்லிதான்.

ஞானதுரை: நானும் ஒண்ணும் திங்கல. ஒண்ணு சொல்லட்டா? யார்ட்டயும் சொல்லாத. மத்தியானம் நான் நனஞ்சு வந்தேன்லா.

சுஜிதா: ஆமா, குத்தாலத்துல குளிச்சேன், திடீர்னு ஆச வந்துட்டுன்னு அத்தைட்ட சொன்னீக. இந்த நாள்ல இவுகளுக்குக் குளியலான்னு எனக்கு உள்ளுக்குள்ள கோவமா வந்துச்சு.

ஞானதுரை: வரும். நீ போன் பண்ணுனதும் எனக்கு எங்க போகன்னு தெரியல. வீட்டுக்குப் போனா அவ மொகத்தப் பாக்கணும். வந்து நின்ன பஸ்ஸுல ஏறிட்டேன். கண்டக்டரு நம்மகிட்ட வேல கத்துக்கிட்ட பையன், எங்க அண்ணாச்சிங்கான். குத்தாலம்னேன். மெயின் அருவியில நல்ல தண்ணி. சட்டையோட உள்ள போயி, பாறையப் பிடிச்சுக்கிட்டு நின்னு கத்துனேன். அழுக வந்துச்சு பாரு... எங்க அப்பா செத்ததுக்குக் கூட அப்படி அழல. அந்த எரைச்சல்ல யாருக்குக் கேக்கும், யாருக்குத் தெரியும். பக்கத்துல ஒருத்தன் எண்ண தேச்சுக்கிட்டு பாட்டுப் பாடுதான். போலீஸ்காரரு விசிலடிச்சு, பெரியவரே, அடுத்தவன் குளிக்க வேண்டாமான்னு சத்தம் போட்டதும்தான் வெளிய வந்தேன்.

சுஜிதா: மாமா...

ஞானதுரை: அதான் சொல்லுதேன். அழுகையில பாதிய அருவி எடுத்துட்டுப் போயிட்டு. இல்லன்னா வீட்டுக்கு வந்து பல்லக் காட்டியிருக்க முடியுமா.

சுஜிதா: இந்தாங்க, தட்டப் பிடிங்க. அத்தைக்குக் கருகாத துண்டு. சோயா சாஸுல உப்புக் கூட, அவுகளுக்குச் சாறு ஊத்த வேண்டாம்.

ஞானதுரை: சுஜி, நான் யோசிக்கேன். சொல்லிருவோமா?

சுஜிதா: எதுக்கு? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டே.

ஞானதுரை: அதனாலதான். நாளைக்கு எதிர்வீட்டுக்காரி சொல்லி இவ பதறுததுக்கு, நம்மளே நல்ல சேதியாச் சொல்லிருவோம். அவன் கொரலு போன்ல இருக்கு. சொன்ன கையோட போட்டுக் காட்டிரலாம்.

சுஜிதா: அப்போ சாப்புட்டு முடிச்சதும் சொல்லுங்க.

ஞானதுரை: அதுவரைக்கும் எனக்குத் தாங்காது.

சுஜிதா: அத்தை, வாங்க. சாப்பாடு வச்சாச்சு.

வடிவம்மாள்: இதுதான் ஜப்பான் மீனா? நெறம் நல்லாத்தான் இருக்கு. ஜெபம் பண்ணுங்க.

ஞானதுரை: நீயே பண்ணு வடிவு. எனக்கு இன்னைக்குத் தொண்ட சரியில்ல.

வடிவம்மாள்: ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்கும் இந்த நாளுக்கும் ஸ்தோத்திரம். தூரத்துல இருக்க எங்க பிள்ளையக் கண்மணி மாதிரி காத்தீரே, அதுக்கும் ஸ்தோத்திரம். ஆமென். ...ம். இனிப்பா, உப்பா, என்னன்னு சொல்ல முடியல. நல்லாருக்கு. சோறுதான் பச்சப்பிள்ளைக்குக் கரைச்ச மாதிரி இருக்கு.

சுஜிதா: அங்கன அப்படித்தான் திம்பாங்களாம் அத்தை.

வடிவம்மாள்: பொறவு எப்படி எம் பிள்ள மெலியாம இருப்பான்.

ஞானதுரை: வடிவு, ஒண்ணு சொல்லுதேன். மொதல்லயே சொல்லிருதேன், நல்ல சேதிதான்.

வடிவம்மாள்: சொல்லுங்க.

ஞானதுரை: பதறக் கூடாது. கைய இங்கன வையி. காலைல ஜப்பான்ல, ஜோஷ்வா இருக்க ஊருல, நெலநடுக்கம். பெரிசுதான். ஆனா நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் முன்னால பேசி அனுப்புனான், அந்தச் சத்தந்தான் நீ கேட்டது. பகல் முழுக்க அவன்ட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல. ஒனக்குத் தெரிஞ்சா நெஞ்சு தாங்காதுன்னுதான் நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடாம...

சுஜிதா: அத்தை, நெஞ்சு ஏதும் பண்ணுதா? தண்ணி தரட்டா?

வடிவம்மாள்: தண்ணி வேண்டாம். நீ உக்காரு மக்கா. நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. மத்தியானத்துக்கு முன்ன நீ பள்ளிக்கூடத்துல, இவுகளையும் காணும். என் போன் அடிக்கு. வெளிநாட்டு நம்பர் மாதிரி நீட்டமா இருந்துச்சு. பேங்குல இருந்து பேசுதேம்னு ஏமாத்துவானுவள்லா, அவந்தான்னு கட் பண்ணிட்டேன். விட மாட்டேங்கான். சரி, நாலு கேள்வி நல்லாக் கேப்போம்னு எடுத்தா, எம்மான்னு கூப்புடுதான். நம்ம ஜோஷ்வா. அவன் இருந்த கட்டடம் ஆடையில அங்கன நடக்க மாட்டாத ஒரு கெழவிய இவன் முதுகுல தூக்கிக்கிட்டுப் படியெறங்கி ஓடி வந்திருக்கான். இவன் போனு உள்ளயே கெடந்துட்டு. அந்தக் கெழவிதான், ஒன் வீட்டுக்குப் பேசுன்னு தன் போனக் குடுத்தாளாம். வாங்கிட்டானே தவிர ஒன் நம்பரு அவனுக்குப் பாடம் இல்ல, இவுக நம்பரும் இல்ல. சின்னப்பிள்ளையில நான் அடிச்சு மனப்பாடம் பண்ண வச்ச என் நம்பர்தான் வாயில வந்துச்சாம். சுஜிக்குத் தெரியுமாம்மான்னு கேட்டான். தெரியாதுலே, வயித்துப் பிள்ளக்காரிய இப்பப் பயமுறுத்த வேண்டாம், நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்னேன். அப்பாவுக்கும் சொல்லாத, அவுகளுக்குத்தான் நெஞ்சு சின்னதுன்னேன். பொறவு நீ தலவலின்னு வந்து படுத்த. இவுக சட்டையெல்லாம் நனஞ்சு சிரிச்சுக்கிட்டு வந்தாவ. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியலன்னுல்லா நான் நெனச்சேன். பயம்னா முழுங்கிட்டு இருந்திரலாம். இம்புட்டு சந்தோசத்த வச்சுக்கிட்டு ஒத்தையில எப்படி உக்காந்திருக்க? அதான் அவன் திங்குத மீனையாவது எல்லாரும் சேந்து திம்போம்னு இவுகள வெரட்டுனேன். ஒங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சிருந்தா வாசல்லயே சொல்லியிருப்பேனே... ஏட்டி, அழாத. நீங்களுமாங்க? சரி, அழுதுக்கிட்டே திங்காதீக ரெண்டு பேரும். முள்ளு பாத்துத் தின்னுங்க.